இரவல் கருவிகளின் வரலாறு: பீர்க் கொப்பரையும் வெப்பநிலைக் கட்டுப்பாடும்

48 மில்லிமீட்டர் சதுர முகப்பு. அதில் இரண்டு வரிசை எண்கள். மேல்வரிசை இப்போதுள்ள வெப்பநிலையையும், கீழ்வரிசை நாம் வேண்டும் வெப்பநிலையையும் காட்டும். பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரங்களிலும் தொழிற்சாலை உலைகளிலும் பொருத்துவதற்கென உருவான இக்கட்டுப்பாட்டுக் கருவியைப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீட்டில் பீர் தயாரிப்போர் பலர் வாங்கி, தம் கொப்பரையின் வெப்பச்சுருளுடன் இணைத்துக்கொள்கின்றனர். இந்தியாவில் மதுவைக் குறித்த சட்டங்கள் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. இவ்வழக்கம் நம்மிடையே பரவலாக இல்லை. ஆயினும் தொழில்நுட்ப வரலாறு பயில்வோருக்கு இச்சிறு பெட்டி ஒரு முதன்மையான கேள்வியை முன்வைக்கிறது. ஒரு தொழிலின் கருவி மற்றொரு தொழிலுக்குள் நுழையும்போது அதனுடன் வேறு என்னவெல்லாம் நுழைகின்றன?

இப்பதிவின் வாதம் எளியது. பீர்த் தயாரிப்பில் வெப்பத்தை அளக்கவும் ஆளவும் பயன்பட்ட கருவிகளாக இங்கே நான் எடுத்துக்கொள்ளும் எதுவும் முதலில் பீருக்காகப் படைக்கப்பட்டதன்று. எல்லாம் இரவல். அந்த இரவலின் வரலாற்றை எழுதுவது, கண்டுபிடிப்பாளர்களின் வரலாற்றை எழுதுவதினின்றும் வேறானது.

முதலில் தேவையைச் சொல்ல வேண்டும். பார்லியை முளைகட்டி உலர்த்தினால் கிடைப்பது மால்ட். அதனை இடித்து வெந்நீரில் ஊறவைக்கும்போது, தானியத்திலேயே உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. பீட்டா அமைலேசு ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி செல்சியசிலும், ஆல்பா அமைலேசு அதனினும் சற்று மேலாக 70 டிகிரியை ஒட்டியும் நன்கு இயங்கும். ஊறலின் சூடு குறைந்த பக்கம் நின்றால் ஈஸ்ட் முழுதும் உண்ணத்தக்க சர்க்கரை மிகுந்து, உலர்ந்த சுவையுள்ள பீர் கிடைக்கும். சூடு மிகுந்த பக்கம் நின்றால் கனமும் இனிப்பும் எஞ்சும். இன்னும் மிகுந்தால் நொதிகளே செயலிழந்துவிடும். ஆக, மூன்று நான்கு டிகிரி வேறுபாடே பண்டத்தின் இயல்பை மாற்றிவிடும். 1833-இல் பாயனும் பெர்சோவும் மால்ட்டிலிருந்து டயஸ்டேசைப் பிரித்துக் காட்டும்வரை, இதற்கான வேதியியல் காரணம் எவருக்கும் தெரியாது. ஆனால் இதன் விளைவைப் பீர் தயாரிப்போர் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தனர்.

எப்படி அறிந்தனர்? உடலால். நீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுவர். தொடக்கத்தில் ஆவி அடர்ந்து நீர்ப்பரப்பை மறைக்கும். ஆவி குறைந்து, குனிந்து பார்ப்பவரின் முகம் நீரில் தெளிவாகத் தெரியும் கணமே மால்ட்டைக் கொட்டும் கணம். விரலை நனைத்துப் பார்ப்பதும், கொதிநீரும் தண்ணீரும் இத்தனைக்கு இத்தனை என்று கலப்பதும் பிற முறைகள். தமிழில் ‘கை பொறுக்கும் சூடு’, ‘இளஞ்சூடு’, ‘வெதுவெதுப்பு’ என்கிறோமே, அவையும் இத்தகைய அளவைகளே. மொழியியல் நோக்கில் இவற்றில் ஒரு பொதுப்பண்பு உண்டு. எண்ணுக்கு மாறாக, அளப்பவரின் உடல் இச்சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. கை பொறுக்கும் என்றால் எவருடைய கை? நெடுங்காலம் அடுப்படியில் நின்றவரின் கையா, புதிதாக வந்தவரின் கையா? முகம் தெரியும் கணமும் காற்றின் ஈரத்தையும் குளிரையும் வெளிச்சத்தையும் பொறுத்து மாறும். இந்த மாற்றங்களையெல்லாம் கணக்கில் கொள்ளத் தெரிந்தவரே தேர்ந்த தொழிலாளி. அவருடைய அறிவு அவருடனேயே தங்கிவிடுவது.

வெப்பநிலைமானி இவ்விடத்தில்தான் நுழைகிறது. ஃபாரன்ஹீட் தம் பாதரச மானியை 1714-இலும் அளவுகோலை 1724-இலும் வெளிக்கொணர்ந்தார். வானிலை நோக்குவோரும் மருத்துவரும் வேதியியலாரும் அதனைக் கையாண்டனர். இலண்டனுக்கு அருகே ஹாம்ப்ஸ்டெட்டில் பீர் ஆலை நடத்திய மைக்கேல் கோம்புரூன் 1758-இல் பீர்த் தயாரிப்பைப் பற்றிய கட்டுரைநூலையும், 1762-இல் விரிவான நூலையும் வெளியிட்டார். மால்ட்டை உலர்த்தும் வெப்பத்துக்கும் அதன் நிறத்துக்கும் உள்ள தொடர்பை அட்டவணையாக்க முயன்றது அவருடைய பணிகளுள் ஒன்று. அக்கால ஆலைகளின் பெருக்கத்தோடு இதனைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். விட்பிரெட் ஆலை 1796-இல் இரண்டு லட்சம் பீப்பாய்களுக்கு மேல் தயாரித்தது. அந்த அளவில் ஓர் ஊறல் கெட்டால் இழப்பும் பெரிது. ஒரு தொழிலாளியின் கையை நம்பியிருந்த நிலையிலிருந்து, எவர் படித்தாலும் ஒன்றையே காட்டும் எண்ணுக்கு மாறும் நெருக்கடி முதலாளிக்கு இருந்தது.

ஆயினும் அம்மாற்றம் இயல்பாக நிகழ்ந்துவிடவில்லை. ஹாம்ப்ஷயரின் ஆல்ட்டன் ஊரில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்னும் இளைஞர் குடும்ப ஆலையில் வெப்பநிலைமானியைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, புதுமைகளை விரும்பாத தந்தைக்குத் தெரியாமல் அதனை மறைத்தே வைக்க வேண்டியிருந்தது. 1768-இல் அவர் ஹைட்ரோமீட்டர் எனப்படும் அடர்த்திமானி ஒன்றை வாங்கி, சாற்றின் செறிவை அளந்து பார்த்தார். அதன் பயனை விட்பிரெட்டிடம் எடுத்துச் சொல்லியும் ஏற்பு கிடைக்கவில்லை; மற்றொரு பெருமுதலாளியான ஹென்றி திரேல்தான் ஊக்கம் தந்தார். அடர்த்திமானியும் இரவல் கருவியே. எரிசாராயத்தின் வலிமையை அளந்து வரி விதிப்பதற்கெனச் சுங்கத்துறை கையாண்ட கருவி அது. ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன் 1784-இல் வெளியிட்ட நூலில், ஒரு பீப்பாய்ச் சாறு அதே அளவு நீரைவிட எத்தனை பவுண்டு மிகுதியாக எடையுள்ளது என்னும் அளவுகோலை அதற்கு வகுத்தார். சாக்கரோமீட்டர், அதாவது சர்க்கரைமானி, என்பது அதன் பெயராயிற்று.

தமிழ் இலக்கண மரபில் வடசொற்களைத் தற்சமம், தற்பவம் என்று பிரிப்பது நாம் அறிந்ததே. வடிவம் மாறாமல் வருவது தற்சமம். ஏற்கும் மொழியின் ஒலியமைப்புக்கு ஏற்பத் திரிந்து வருவது தற்பவம். கருவிகளின் இரவலுக்கும் இப்பாகுபாடு பொருந்துவதாகக் கருதுகிறேன். பேவர்ஸ்டாக் மறைத்துவைத்த வெப்பநிலைமானி தற்சமம். அதன் கோடுகளும் எண்களும் ஆய்வறையில் இருந்தவாறே இருந்தன. ரிச்சர்ட்சனின் சர்க்கரைமானியோ தற்பவம். உருவம் பழையது, அளவுகோலும் பெயரும் புதியவை. ஒரு கருவி தற்பவமாகும்போதுதான் அது தொழிலுக்குள் முழுமையாகக் குடியேறுகிறது.

இரவல் ஒருவழிப் பாதையும் அன்று. சால்ஃபோர்டு நகரத்துப் பீர் ஆலைக் குடும்பத்தில் 1818-இல் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், நீரைத் துடுப்புச்சக்கரத்தால் கலக்கி, உழைப்பு வெப்பமாவதை அளந்தார். 1850-இல் வெளியான கட்டுரையில் அவர் கணக்கிட்ட வெப்பநிலை உயர்வு ஒரு ஃபாரன்ஹீட் டிகிரிக்கும் குறைவானது. அவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை நம்பகமாகப் படிக்கும் திறன் ஆலைச்சூழலில் ஊறிய பயிற்சியோடு தொடர்புடையது என்று ஓட்டோ சிபும் 1995-இல் எழுதிய ஆய்வில் வாதிட்டார். ஆய்வறையிலிருந்து ஆலைக்குச் சென்ற மானி, ஆலையின் கைப்பழக்கத்தோடு ஆய்வறைக்குத் திரும்பியது என்று இதனைச் சுருக்கலாம்.

இதுவரை பார்த்தது அளத்தலின் வரலாறு. ஆளுதலின் வரலாறு வேறொரு கிளை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொர்னேலியஸ் டிரெபல், தன் சூட்டைத் தானே சீராக்கிக்கொள்ளும் உலையையும் முட்டை அடைகாக்கும் பெட்டியையும் அமைத்தார். சூட்டால் விரியும் திரவம் பாதரசத்தை உயர்த்த, அதன் அசைவு காற்றுவழியை அடைத்தது. 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் தம் கடற்கடிகாரத்தில் வெப்பத்தால் வரும் பிழையைச் சரிசெய்ய ஈருலோகப் பட்டையை உருவாக்கினார். அதே கொள்கையை 1830-களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ யூர் காய்கலன்களுக்கும் குளியல்தொட்டிகளுக்கும் கொண்டுவந்தார். ‘தெர்மோஸ்டாட்’ என்னும் சொல்லையும் அவரே வழங்கினார். கிரேக்க வேர்களின்படி அச்சொல் ‘நிற்கும் வெப்பம்’ என்று பொருள்தரும். ஆனால் அத்தகைய கருவியில் வெப்பம் நிற்பதில்லை. குறித்த அளவைத் தாண்டியதும் அணையும். கீழிறங்கியதும் மீண்டும் எரியும். இடையே ஓயாது அலையும். இவ்வலைவுக்குப் பொறியாளர்கள் ‘வேட்டையாடுதல்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்துகின்றனர். கருவியின் பெயர் ஒன்றை உறுதியளிக்க, அதன் நடத்தையைக் குறிக்கும் சொல் வேறொன்றைச் சொல்கிறது.

அலைவைத் தணிக்கும் வழி கப்பலிலிருந்து வந்தது. 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, தானே திசைதிருப்பிக்கொள்ளும் கப்பல்களின் நிலைப்பாட்டைப் பற்றிய கணிதக் கட்டுரையை வெளியிட்டார். தேர்ந்த மாலுமி, கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. விலகல் எவ்வளவு நேரமாக நீடிக்கிறது, எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பவற்றையும் சேர்த்தே சுக்கானைத் திருப்புகிறார். நிகழ்விலகல், சேர்விலகல், விலகலின் வேகம் என்னும் இம்மூன்றுமே இன்று பி.ஐ.டி. எனப்படும் மும்முனைக் கட்டுப்பாட்டின் உறுப்புகள். பின்னர் வேதியியல் ஆலைகளுக்கான கருவிகளில் இது வளர்ந்தது. ராச்செஸ்டர் நகரத்து டெய்லர் நிறுவனம் மூன்றாம் உறுப்புக்கு ‘முன்செயல்’ என்று பொருள்படும் வணிகப்பெயரை இட்டது. அந்நிறுவனத்தின் ஸீக்ளரும் நிக்கோல்சும் 1942-இல் இம்மூன்று எண்களையும் தேர்ந்தெடுக்கும் நடைமுறை விதிகளை வகுத்தனர். 1984-இல் ஆஸ்ட்ரோமும் ஹேக்லுண்டும் அத்தேர்வைக் கருவியே செய்துகொள்ளும் எளிய முறையைக் காட்டினர்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். பேவர்ஸ்டாக்கின் காலத்தில் எண், தொழிலாளியின் கையை விலக்க வந்தது. ஆனால் பி.ஐ.டி. கருவிக்குள் இருப்பது என்ன? சுக்கான் பிடித்த மாலுமியின் கை. அதன் பொறுமையும் முன்னுணர்வும் சமன்பாடாக எழுதப்பட்டுள்ளன. கையறிவை ஒழித்துவிட்டதாகச் சொல்லப்படும் கருவி, வேறொரு தொழிலாளியின் கையறிவைச் சுமந்து வருகிறது. பீர்க் கொப்பரையை ஆளும் பெட்டியினுள் ஒரு மாலுமி அமர்ந்திருக்கிறார் என்பது வெறும் உவமையன்று; அக்கணிதத்தின் பிறப்பு வரலாறே அதுதான்.

இனி வீட்டுக் கொப்பரைக்கு வருவோம். பிரிட்டனில் 1880-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வீட்டில் பீர் தயாரிப்போரும் உரிமம் பெற வேண்டியிருந்தது. 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அத்தேவையை நீக்கினார். அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு முடிந்த பின்னும் வீட்டுப் பீருக்குக் கூட்டரசுச் சட்டம் இடம்தரவில்லை. 1978 அக்டோபர் 14 அன்று ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபிறகே வழி திறந்தது. கருவிகள் அனைத்தும் வீட்டிலும் கடையிலும் கிடைத்தவை: தேநீர்க் கொதிகலன், பிளாஸ்டிக் வாளியில் பொருத்திய கெட்டில் வெப்பச்சுருள், சூடு காக்கும் சுற்றுலாப் பெட்டி. 1980-களின் இறுதியில் உயிர்வேதியியலாளரான ராட்னி மாரிஸ், ஊறலின் சாற்றைப் பம்பினால் சுற்றவிட்டு, வழியிலேயே சூடேற்றித் திரும்ப ஊற்றும் அமைப்பை ‘ஜைமர்ஜி’ இதழின் வாயிலாகப் பரப்பினார். அதன் பின்னர் மின்னணுக் கட்டுப்பாடு வீட்டுப் பீரின் மொழியில் நிலைபெற்றது.

தழுவல் எங்கே கடினமாகிறது? மூன்று இடங்களைச் சொல்லலாம்.

முதலாவது, மின்னோட்டம். 25 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 67 டிகிரிக்கு உயர்த்த ஏறக்குறைய 4,900 கிலோஜூல் வேண்டும். 3 கிலோவாட் சுருளுக்கு இழப்பு இல்லாவிடினும் 27 நிமிடம் ஆகும். அச்சுருள் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். குளிர்சாதனப் பெட்டிக்கென வந்த மலிவான கட்டுப்பாட்டுக் கருவிகளின் ரிலே பெரும்பாலும் 10 ஆம்பியர் அளவினது. நேரே இணைத்தால் தொடுமுனை கருகும். ஆகவே இடையே தனி ரிலேயோ காண்டாக்டரோ தேவை. குறைகடத்தி ரிலே எனில், ஓடும் ஒவ்வோர் ஆம்பியருக்கும் ஏறத்தாழ ஒரு வாட் சூட்டை வெளியிடும். வெப்பந்தணிக்கும் உலோகத்தகடு இன்றி அது நிலைக்காது. அது பழுதாகும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே பழுதாகும். அதாவது, கட்டுப்பாட்டுக் கருவி ‘நிறுத்து’ என்று சொன்னாலும் சுருள் எரிந்துகொண்டே இருக்கும். ஈரத்தரை, மின்சாரம், கொதிநீர் மூன்றும் கூடும் இடத்தில் நிலயிணைப்பும், கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் சுவிட்சும், கையால் அணைக்கும் முதன்மைச் சுவிட்சும் உயிர்காப்பவை. தொழிற்சாலையில் இவற்றை மின்பணியாளரின் நடைமுறை தானே உறுதிசெய்துவிடும். அதனால் பெட்டியுடன் வரும் குறிப்பேடு அவற்றை விரித்துச் சொல்வதில்லை. கருவி வீட்டுக்கு வரும்போது, அதனைச் சூழ்ந்திருந்த எழுதாத அறிவு உடன் வருவதில்லை.

இரண்டாவது, காலம். குளிர்சாதனக் கருவிகளுள் பலவற்றில், கம்ப்ரசர் நின்றவுடன் மீண்டும் ஓடாதிருக்கச் சில நிமிடத் தாமதம் வைக்கப்பட்டிருக்கும். கம்ப்ரசரைக் காக்கும் அத்தாமதம் வெப்பச்சுருளுக்குப் பொருளற்றது. மேலும் பீர் ஊறல் ஒருவழிப்பட்டது. சூடேற்ற முடியும், உடனே குளிர்விக்க முடியாது. குறித்த அளவைத் தாண்டிய இரண்டு டிகிரி தானே ஆறக் காத்திருப்பதற்குள் நொதிகள் தம் வேலையை மாற்றிக்கொண்டுவிடும். ஆகவே தொழிற்சாலை உலைக்கு ஏற்ற எண்களை அப்படியே கொள்ள இயலாது. சேர்விலகலுக்கு இடப்படும் எடையைக் குறைத்து, மெதுவாக நெருங்கும் இயல்பைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. தற்சமமாக வந்த கருவி தற்பவமாவது இங்கேதான்.

மூன்றாவது, இடம். உணரியை எங்கே வைப்பது? சுருளைக் கடந்து சாறு வெளிவரும் குழாயிலா, தானியத்தின் நடுவிலா? தானியத்தின் நடுவில் வைத்தால் செய்தி தாமதமாக வரும்; அதற்குள் சுருளருகே ஓடும் சாறு மிகையாகச் சூடேறி நொதிகள் கெடும். குழாயில் வைத்தால் சாறு காக்கப்படும். ஆனால் தானியம் அவ்வெண்ணைவிடக் குளிர்ந்தே இருக்கும். எந்தச் சூடு ‘ஊறலின் சூடு’? இது புதிய கேள்வியன்று. வெந்நீரில் மால்ட்டைக் கொட்டியதும் சூடு இறங்குமாதலால், நீரின் சூட்டைச் சொல்வதா கலவையின் சூட்டைச் சொல்வதா என்பது வெப்பநிலைமானி நுழைந்த நாள்முதல் பீர் ஆலைகளில் எழுந்த கேள்வி. எண் கிடைத்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும் என்று கருதுவோருக்கு வரலாறு தரும் விடை இது: எண், ஐயத்தை வேறோர் இடத்துக்கு நகர்த்துகிறது. கையின் நம்பகத்தைப் பற்றிய கேள்வி, உணரியின் இருப்பிடத்தைப் பற்றிய கேள்வியாக மாறுகிறது. அதற்கு விடை காண மறுபடியும் பழகிய கண்ணும் நாவும் வேண்டியிருக்கின்றன.

இதனை எழுதுவதற்கு ஓர் உடனடிக் காரணம் உண்டு. ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் வெப்பநிலைமானியை மறைத்துவைத்த செய்தி நமக்குக் கிடைப்பது, அவர் மகன் 1824-இல் தந்தையின் எழுத்துகளைத் தொகுத்து அச்சிட்டதால்தான். அத்தொகுப்பு இல்லையேல் தழுவலின் முதல் தலைமுறையைப் பற்றி நாம் அறிவது பெரிதும் குறைந்திருக்கும். காப்புரிமைகளும் நிறுவன ஆவணங்களும் கண்டுபிடிப்பாளரைப் பாதுகாக்கின்றன. தழுவியவரின் கையெழுத்துப் படங்கள், கம்பிகளை இணைத்த குறிப்புகள், எந்த எண்ணை எந்த எண்ணாக மாற்றினோம் என்று ஓரத்தில் எழுதிய திருத்தங்கள் ஆகியவற்றைப் பாதுகாக்கும் காப்பகம் அரிது. நம் நாட்டிலும் பம்பு பழுதுபார்ப்போர், தறிப்பட்டறையினர், குளிர்பதனத் தொழிலாளர் எனத் தழுவலே தொழிலாக வாழ்வோர் எண்ணற்றோர். வேற்றிடத்துக்கென வந்த கருவியை இவ்விடத்துக்கு ஆக்கியவர்கள் அவர்கள்.

ஆய்வு மாணவர்கள் ஒரு கருவியை ஆராயத் தொடங்கும்போது, அதனை யார் கண்டுபிடித்தார் என்பதோடு நின்றுவிடாமல், யார் யாரிடமிருந்து இரவல் பெற்றார், பெற்றபின் எதனை மாற்றினார், மாற்ற இயலாமல் எதனைப் பொறுத்துக்கொண்டார் என்றும் கேட்க வேண்டும். மூன்றாம் கேள்விக்கான விடை பெரும்பாலும் அச்சில் இராது. அதனை அறிந்தவர்கள் இன்னும் பட்டறைகளில் பணியாற்றிக்கொண்டிருக்கும்போதே அவர்களிடம் சென்று கேட்டுப் பதிவுசெய்துகொள்வது நல்லது.